ஜூன் மாதக் கண்ணீர்

ஜூன் பிறந்தால் என் அலுவலகத்துக்கு என் நினைவு வந்துவிடும். வானவில் தோரணம் கட்டி, சமோசா வைத்து, திருநங்கையாக என்னைப் பேசச் சொல்வார்கள். அப்பா வாசலோடு நிறுத்தியது, வாடகைக்கு வீடு கிடைக்காமல் அலைந்தது என்று பேசுவேன். எல்லாம் நடந்தவைதான். ஆனால் எந்த இடத்தில் குரல் தழுதழுக்க வேண்டும் என்பதையும் முன்கூட்டியே குறித்து வைத்திருப்பேன். மீதியை மறைத்துவிடுவேன்.

மீதி என்றால், நிரல் மாற்றங்களைக் கமிட்களாகப் பதிந்துவைக்கும் கிட் மாதிரி. என் பழைய கமிட்களில் எல்லாம் பழைய பெயர். அதைத் திருத்தப் போனால் அடுத்தடுத்த கமிட்களின் ஹாஷ் அடையாளம் அத்தனையும் மாறிவிடும், டீமே கொந்தளிக்கும். அதற்கென்றே மெயில்மேப் என்று ஒரு கோப்பு இருக்கிறது. பழைய மின்னஞ்சலுக்கு நேரே புதுப்பெயரை எழுதினால் போதும், எந்த வரியை யார் எழுதினார் என்று கிட் பிளேம் போட்டுப் பார்க்கிறவருக்குப் புதுப்பெயர்தான் தெரியும். அரசிதழில் பெயர் மாற்ற எத்தனை படிவம், எத்தனை கையெழுத்து! இங்கே ஒரே வரி. மறுநாளே ஒருவன் என் பழைய பக் ஒன்றைப் பிடித்து, என் பெயரைச் சொல்லித் திட்டினான். தப்பும் என்னுடையது, பெயரும் என்னுடையது. அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தேன்.

சென்னை ரிச்சி தெருவில் கீபோர்டு ஸ்விட்ச் கேட்டபோது, "சாருக்கா மேடம்?" என்றார் கடைக்காரர். எரிச்சலும் பூரிப்பும் சேர்ந்து வந்தன. பூரிப்புதான் கொஞ்சம் அதிகம் என்பதை எந்த மேடையிலும் சொன்னதில்லை.

கணினி விஞ்ஞானி லின் கான்வேயைக்கூட நான் விடவில்லை. பாலினம் மாறப்போகிறார் என்று 1968இல் ஐபிஎம் அவரை வேலையைவிட்டு அனுப்பியதையும், 2020இல்தான் மன்னிப்புக் கேட்டதையும் தவறாமல் சொல்வேன். சிப் வடிவமைப்பைக் கற்பிக்கும் முறையையே மாற்றிய புத்தகத்தை அவர் 1980இல் கார்வர் மீடுடன் எழுதியதைச் சொல்ல மாட்டேன். 1987இல் படகுப் பயணத்தில் சந்தித்தவரைப் பின்னாளில் மணந்துகொண்டதையும் சொல்ல மாட்டேன். அந்த அம்மாளின் சந்தோஷத்தை வெட்ட எனக்கு யார் உரிமை கொடுத்தது?

ஏன் மறைக்கிறாய் என்றால், நன்றாக இருக்கிறேன் என்று சொன்னால் அப்புறம் காப்பீடு, கழிப்பறை என்று எதையும் கேட்க முடியாதே என்பேன். அதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனாலும் அது சாக்கு. எனக்குக் கைதட்டல் பிடித்திருக்கிறது. துக்கத்துக்குக் கிடைக்கும் கைதட்டல் மெயில்மேப்புக்குக் கிடைக்காது.

போன வருடப் பேச்சின் வீடியோவை யாரோ அம்மாவுக்கு அனுப்பிவிட்டார்கள். "ஏண்டி, ஒரு நாளாவது அங்க சிரிச்சிருக்கியா நீ? வேலைய விட்டுட்டு வந்துடுடி" என்று போனிலேயே அழுதாள். "அது சும்மா மேடைக்குப் பேசினதும்மா" என்றேன். நம்பவில்லை. எப்படி நம்புவாள்? அவளுக்கும் நல்லதாக எதையும் நான் சொல்லி வைக்கவில்லையே.

இந்த வருடமும் கூப்பிட்டார்கள். பேச்சில் கான்வேயின் படகுப் பயணத்தைச் சேர்த்தேன். ஒத்திகையில் இரண்டு நிமிடம் கூடிப்போனது. படகை எடுத்துவிட்டேன்.