தெர்மோகோலை நம்பினேன் பாஸ்!

ஏழு ராத்திரி கண் முழிச்சு தெர்மோகோலைச் செதுக்கினேன் பாஸ். அப்பாவோட பழைய மாருதி 800 பானெட் மேல வைக்க ஒரு 'ஸ்கூப்'. காருக்கு மூக்கு வெச்சா கெத்தா இருக்கும்ல! கண்ணாடி நார் பாயை விரிச்சு, பாலியெஸ்டர் ரெசினைத் தடவினதுதான் தாமதம்... மூக்கு குழைஞ்சு குழியாகிடுச்சு. ரெசின்ல இருக்குற ஸ்டைரீன் தெர்மோகோலைக் கரைச்சிடுமாம். கெமிஸ்ட்ரியில நான் வாங்கின மார்க்கைக் கேட்காதீங்க.

"மொதல்ல பேக்கிங் டேப்பை முழுசா சுத்தியிருக்கணும் தம்பி"ன்னு சிரிச்சார் பட்டறை அண்ணன். டேப் மேல மெழுகு, மூணு நாலு தடவை. சோம்பல்பட்டா, பார்ட் அச்சை விட்டு வராது.

100 கிராம் ரெசினுக்கு 1 முதல் 2 கிராம் ஹார்ட்னர். நம்ம ஊர் வெயிலுக்கு 1 கிராமே போதும். கூடிப்போனா கப்புலயே சூடேறிக் கல்லாகிடும்.

அண்ணன் சிரிக்காத இடம் ஒண்ணு இருக்கு. கோபால்ட்டையும் ஹார்ட்னரையும் ஒரே கப்புல ஊத்தப் போனேன். கையைப் பிடிச்சுட்டார். ரெண்டும் நேரா கலந்தா வெடிக்கும்! கோபால்ட்டை ரெசின்ல முழுசா கலக்கின பிறகுதான் ஹார்ட்னர். அது ஒரு சொட்டு கண்ணுல பட்டாலும் பார்வை போகலாம். கண்ணாடி, கிளவுஸ் இல்லாம தொடாதீங்க, ப்ளீஸ்.

ரெண்டாவது ஸ்கூப் பானெட்ல ஏறிடுச்சு. கொஞ்சம் கோணல்தான். அப்பா இன்னும் பார்க்கலை...