அரைக் கிரவுண்டில் ஒரு வீடு: ஐப்பசி முதல் ஆவணி வரையிலான குறிப்புகள்

ஐப்பசி, மூன்றாம் வாரம்

மனை விற்போர் பெரும்பாலும் பங்குனி, சித்திரை வெயிலில்தான் வாங்குவோரை அழைத்துச் செல்கின்றனர் என்பதும், சென்னையைச் சூழ்ந்த வடமாவட்டங்கள் தம் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி முதல் மார்கழி வரையிலான வடகிழக்குப் பருவத்திலேயே பெறுகின்றன என்பதும் ஒன்றோடொன்று தொடர்பற்ற செய்திகள் அல்ல. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்களில் இன்று மனைப்பிரிவுகளாக மாறியுள்ள நிலத்தில் கணிசமான பகுதி ஒருகாலத்தில் ஏரிப் பாசனத்துக்கு உட்பட்ட வயலாக இருந்ததாகும். வயலுக்கு வந்து பழகிய நீர் கல் நட்டு எல்லை பிரித்ததால் வழி மாறிவிடுவதில்லை என்பதை 2015 டிசம்பர் வெள்ளம் காட்டியது. ஆகவே மழை பெய்து ஓய்ந்த மறுநாள் மனையில் நீர் எவ்வளவு உயரம் நிற்கிறது, எத்திசையில் வடிகிறது என்று பார்த்து, பக்கத்து வீட்டுச் சுவரில் பழைய வெள்ளத்தின் கறை எந்த மட்டத்தில் உள்ளது எனக் குறித்துக்கொள்வதே திட்டமிடலின் முதல் வேலையாகிறது. அடித்தளத்தின் மேல்மட்டம், அதாவது வழக்கில் 'பேஸ்மட்டம்' எனப்படும் உயரம், தெருமட்டத்திலிருந்து கணக்கிடப்படுகிறது. தெருவோ மறுசாலை போடும்போதெல்லாம் சில அங்குலம் ஏறுகிறது. பழைய தார்ப்பரப்பைச் சுரண்டி எடுத்த பின்னரே புதிய பரப்பு இடப்பட வேண்டும் என்று 2021-இல் தமிழகத் தலைமைச் செயலாளர் அறிவுறுத்திய பிறகும், இரண்டு மறுசாலைகளுக்கு இடம்விட்டு மட்டம் வைப்பவரே விவேகி.

கார்த்திகை

இம்மாதம் காகிதங்களுக்கு உரியது. மூலப்பத்திரம் என்பது இப்போதைய விற்பனையாளருக்குச் சொத்து எவ்வாறு வந்தது என்பதைக் காட்டும் முந்தைய ஆவணம். பட்டா என்பது வருவாய்த்துறைப் பதிவேட்டில் நிலம் எவர் பெயரில் உள்ளது என்பதற்கான சான்று. வில்லங்கச் சான்று என்பது குறிப்பிட்ட காலத்தில் அச்சொத்தின்மீது பதிவான கிரயம், அடமானம் முதலியவற்றின் பட்டியல். பதிவானவற்றை மட்டுமே அது காட்டும் என்பதால், பதிவாகாத உயிலும் வாய்மொழிப் பாகப்பிரிவினையும் அதன் கண்ணில் படா. பத்திரத்தில் எழுதப்பட்ட அளவும், நிலத்தின் பக்க நீளங்களைக் காட்டும் புலப்பட அளவும், நாடா பிடித்து அளந்த அளவும் மூன்றும் ஒன்றாக அமைவது அரிது. எது குறைவோ அதற்கே வரைபடம் போடுவது பின்னாளைய எல்லைத் தகராற்றைத் தவிர்க்கும். அங்கீகாரமற்ற மனைப்பிரிவாயின், 20.10.2016-க்கு முன் மனைகள் பதிவாகியிருந்த பிரிவுகளுக்கு மட்டும் 2017-இன் வரன்முறை விதிகள் வழி திறந்தன. வரன்முறைச் சான்று இன்றி கட்டட அனுமதியும் இல்லை, வங்கிக் கடனும் இல்லை.

மார்கழி

இங்கு எடுத்துக்கொள்ளப்படும் மனை அரைக் கிரவுண்டு, அதாவது 1200 சதுர அடி. வடக்கே தெருவும், தெருவோரம் 30 அடி அகலமும், 40 அடி ஆழமும் கொண்டது. இத்தகைய மனைகளுக்கு அனுமதி பெறுவது முன்னைவிட எளிதாகியுள்ளது. 2024 ஜூலை முதல், 2500 சதுர அடி வரையுள்ள மனையில் 3500 சதுர அடி வரை வீடு கட்டுவோர், இணையவழிச் சுயசான்று முறையில் அலுவலக ஆய்வுக்குக் காத்திராமல் அனுமதி பெறலாம். எளிமையின் மறுபக்கம், விதிகளைப் படித்துப் பின்பற்றும் பொறுப்பு அலுவலரிடமிருந்து உரிமையாளருக்கு மாறிவிட்டதாகும்.

முன்னும் பின்னும் பக்கங்களிலும் விடவேண்டிய திறந்தவெளியைக் கழித்த பின் 24 அடிக்கு 32 அடி எஞ்சுவதாகக் கொள்ளின், கட்டடப் பரப்பு 768 சதுர அடி. சுற்றிலும் ஒன்பது அங்குலச் சுவர் எழும்பியதும் உள்ளளவு இருபத்திரண்டரைக்கு முப்பதரையாகச் சுருங்கி 686 சதுர அடியாகிறது. பத்தில் ஒரு பங்குக்கு மேல் வெளிச்சுவரே விழுங்கிவிடுகிறது. இதன் மேல் மனையடி சாஸ்திரம் வருகிறது. அறையின் உள்ளளவு 6, 8, 10, 11, 16, 17 அடிகளாக இருப்பதை ஏற்று, 12, 13, 14 அடிகளை விலக்கும் இந்நூல் மரபு, பெரிய வீட்டில் இடையூறு தருவதில்லை. அரைக் கிரவுண்டில் அங்குலக் கணக்கைக் கிளப்பிவிடுகிறது. கூடம் 16 அடி அகலம் என்று வைத்து, நாலரை அங்குல உட்சுவரையும், நான்கு முகங்களுக்கு அரை அங்குலம் வீதம் பூச்சையும் கழித்தால், பக்கத்தில் மாடிப்படிக்குக் கிடைப்பது 5 அடி பதினொன்றரை அங்குலம். மூன்றடி அகலத்தில் போய்த் திரும்பும் இருவரிசைப் படிக்கு ஆறடி வேண்டும்! அரை அங்குலத்துக்காகக் கூடத்தை 11 அடியாகக் குறைப்பதா, படியை ஒடுக்குவதா, அல்லது பலர் செய்வதுபோல் படியைப் பக்கத் திறந்தவெளியில் தள்ளி விதியை மீறுவதா என்னும் தேர்வு, பொறியாளரின் மேசையில் இம்மாதமே முடிய வேண்டியது. சாஸ்திரத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் வீட்டுப் பெரியவர்களின் இசைவைச் சுவர் எழும்பிய பின் கேட்பவர், சுவரை இடிக்கவும் அணியமாக இருக்க வேண்டும்.

தை 12

வாஸ்து புருடன் கண்விழிப்பதாகப் பஞ்சாங்கம் கூறும் நாள்கள் ஆண்டுக்கு எட்டு. அவற்றுள் தை 12 ஒன்று, மாசி 22 மற்றொன்று. விழித்திருக்கும் நேரம் மூன்றேமுக்கால் நாழிகை, அதாவது ஒன்றரை மணி. ஆனி, புரட்டாசி, மார்கழி, பங்குனி ஆகியவற்றில் அவர் எழுவதேயில்லை என்பதால், தையில் பூமி பூசை தவறினால் மாசியும், மாசி தவறினால் சித்திரை 10-ஆம் நாளுமே கிடைக்கும். இக்கணக்கு வேலை அட்டவணையோடு வியப்பூட்டும் அளவு ஒத்துப்போகிறது: தையில் தொடங்கினால் கடைக்காலும் தளமும் வறண்ட மாதங்களில் அமைந்து, ஐப்பசி மழைக்கு முன் கூரை நின்றுவிடும்.

பூசையன்றே முடிவாக வேண்டிய வேறொன்று, ஆழ்துளைக் கிணற்றின் இடமும் மலக்குழியின் இடமும் ஆகும். வாஸ்து வழக்கப்படி நீர் ஈசானியத்தில், அதாவது வடகிழக்கில். செப்டிக் டேங்க் வாயு மூலையில், அதாவது வடமேற்கில். தனி மனையாகப் பார்த்தால் இவை இரண்டுக்கும் இடையே மனையின் 30 அடி அகலம் இருப்பதாகத் தோன்றும். தெருவில் வரிசையாக அமைந்த மனைகளைப் பாருங்கள்: ஒருவரது வடமேற்கு மூலை மேற்கு வீட்டுக்காரரின் வடகிழக்கு மூலையை ஒட்டியே அமைகிறது. எல்லோரும் ஒரே சாஸ்திரத்தை முறையாகப் பின்பற்றினால், ஒவ்வொருவரது மலக்குழியும் அடுத்தவரது கிணற்றுக்கு மதிற்சுவர் கனம் மட்டுமே தள்ளி இருக்கும். மலக்குழியிலிருந்து வழியும் நீர் மண்ணில் இறங்கும் உறிஞ்சுகுழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே இந்தியத் தர நிர்ணயம் கேட்பது 18 மீட்டர், ஏறத்தாழ 59 அடி. முப்பதுக்கு நாற்பது மனையின் மூலைவிட்டமே 50 அடிதான். ஆக, இம்மனையின் எந்த இரு மூலைகளைத் தேர்ந்தாலும் அத்தரத்தை நிறைவேற்ற இயலாது. பாதாளச் சாக்கடை இல்லாத புறநகரில் இது தனி வீட்டின் வரைபடத்தில் தீராத சிக்கல். செய்யக்கூடியது, கிணற்றின் மேற்பகுதியில் துளையற்ற உறைக்குழாயை ஆழமாக இறக்கி, அதைச் சுற்றியுள்ள இடைவெளியைச் சிமெண்டுக் குழம்பால் அடைத்து, மலக்குழியின் சுவரையும் தரையையும் நீர் கசியாதவாறு கட்டி, கிணற்று நீரைக் குடிக்காமல் புழக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வதேயாம். 2003 முதல் தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமான மழைநீர் சேகரிப்புக் குழிக்கும் இதே நெருக்கடியில் இடம் தேட வேண்டும்; அது மலக்குழியின் பக்கம் போகலாகாது.

மாசி

வானம் தோண்டுதல் எனக் கொத்தனார்கள் கூறும் கடைக்கால் பறிப்புக்கு முன், கட்டடத்தின் மூலைகள் நேர்கோணமாக உள்ளனவா என்பதை மூன்று, நான்கு, ஐந்து அடி அளந்து கயிறு கட்டிப் பார்க்கின்றனர். மண் செம்மண்ணாகவோ சரளையாகவோ இருந்தால் நாலைந்து அடியில் தூண் நிறுத்தலாம். கரிசலும் களியும் நீர் பட்டால் உப்பி, வறண்டால் சுருங்கி வெடிக்கும் இயல்பின. இந்த ஏற்ற இறக்கம் ஏறத்தாழ மூன்றரை மீட்டர் ஆழம் வரை நிகழ்வதால், அதற்குக் கீழே கால் ஊன்றி, அடிப்பகுதி குமிழாக அகன்ற துளைத்தூண்களைப் பொறியாளர்கள் பரிந்துரைக்கின்றனர். மண் ஆய்வுக்கு ஆகும் செலவு மொத்தச் செலவில் மிகச் சிறிது. 'பக்கத்து வீட்டுக்குப் போட்டதையே போட்டுவிடலாம்' என்னும் மேஸ்திரியின் உறுதிமொழி அதைவிட மலிவு, ஏனெனில் அதற்கு யாரும் பொறுப்பேற்பதில்லை. நிலத்தடித் தொட்டியான சம்பை இம்மாதமே கட்டி முடித்தால், கட்டுமானத்துக்கு வேண்டிய நீரைச் சேமிக்க அதுவே பயன்படும்.

பங்குனி, சித்திரை

சுவர் எழும்பும் இக்காலத்தில் சிக்கல் செங்கல்லில் இல்லை, பணத்தின் வரிசையில் உள்ளது. வங்கி, உரிமையாளர் தம் பங்கை முதலில் செலவிட்டு முடித்த பின்னரே கடனை விடுவிக்கத் தொடங்குகிறது. 30 இலட்சம் ரூபாய் வரையுள்ள கடனுக்கு மதிப்பில் 90 விழுக்காடும், 75 இலட்சம் வரை 80 விழுக்காடும் மேல்வரம்பு. அடித்தளம், லிண்டல், கூரை என ஒவ்வொரு கட்டமும் முடிந்து பொறியாளர் சான்று தந்த பின் வங்கி பணம் தருகிறது. ஒப்பந்தக்காரரோ ஒவ்வொரு கட்டமும் தொடங்குவதற்கு முன் கேட்கிறார். இந்த இடைவெளிக்கான கைப்பணம் திட்டத்தில் இல்லாதபோதுதான் நகை அடகுக்கடைக்குப் போகிறது, வேலையாட்கள் வேறு இடத்துக்குப் போகின்றனர்.

ஒப்பந்தத்தில் 'சதுர அடிக்கு இவ்வளவு' என்று எழுதுவது எதையும் எழுதாததற்குச் சமம். சன்ஷேடு, கைப்பிடிச்சுவர், படிக்கூண்டு, சம்ப், மதிற்சுவர் ஆகியவை அந்தச் சதுர அடிக்குள் அடங்குமா என்பது தனித்தனியே எழுதப்பட வேண்டும். பொருளும் கூலியும் சேர்ந்த ஒப்பந்தமாயின் வரி மாற்றத்தின் பயன் யாருக்கு என்பதும் வேண்டும். 2025 செப்டம்பர் 22-ஆம் நாள் சிமெண்டின் சரக்கு, சேவை வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தபோது, இந்த ஒருவரி இல்லாத ஒப்பந்தங்களில் குறைந்த தொகை யாருடையது என்னும் கேள்விக்கு விடை இருக்கவில்லை.

வைகாசி

ரூஃப் போடும் நாள். 768 சதுர அடிக்கு ஐந்து அங்குலக் கனத்தில் 320 கன அடி, அதாவது ஒன்பது கன மீட்டர் கான்கிரீட் தேவை. ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று என்னும் கலவையில் ஏறத்தாழ 72 மூட்டை சிமெண்ட் ஒரே நாளில், இடைநிறுத்தமின்றி இறங்குகிறது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட முடிந்தவை எல்லாம் இன்று காலையோடு முடிகின்றன: மின்விசிறிப் பெட்டிகள் அறையின் நடுவில் உள்ளனவா, மின்கம்பிக் குழாய்கள் நசுங்காமல் உள்ளனவா, கழிப்பறைத் தளம் வேண்டிய அளவு தாழ்த்தப்பட்டுள்ளதா, கம்பிக்கு அடியில் 20 மில்லிமீட்டர் கவர் பிளாக் உள்ளதா என்பன. கலவை எளிதாகச் சரிய வேண்டும் என்று ஆட்கள் கூடுதல் நீர் ஊற்றுவர். இக்கலவையில் மூட்டைக்கு 30 லிட்டருக்கு மேல் போகலாகாது என்பது இந்தியத் தர நிர்ணயம். எம் சாண்டில் நீர் குறைந்தால் கலவை விறைப்பாவது உண்மைதான் என்பதால், அதற்கு இளக்கும் வேதிச்சேர்மம் வாங்கித் தருவதே முறை, திட்டுவது அன்று. மறுநாள் பாத்தி கட்டி நீர் நிறுத்தப்படும். இன்று கடைகளில் பெரிதும் கிடைக்கும் சாம்பல் கலந்த சிமெண்டுக்கு இந்த நனைப்பு குறைந்தது பத்து நாள், அக்கினி நட்சத்திர வெயிலில் பதினான்கு நாள் தொடர வேண்டும்.

ஆனி, ஆடி

நாலரை மீட்டருக்கு மேற்பட்ட இடைவெளியுள்ள தளத்தின் முட்டுகள் பதினான்கு நாளுக்கு முன் கழற்றப்படலாகாது. கூடத்தின் 16 அடி அவ்வரம்புக்குச் சற்றே மேற்பட்டது. சென்ட்ரிங் பலகை வாடகைக்கு வருவதால் அதைச் சீக்கிரம் அகற்ற ஒப்பந்தக்காரருக்கு இருக்கும் அவசரம் இயல்பானதே. அந்நாள்களுக்குரிய வாடகையை யார் ஏற்பது என்பதையும் சித்திரையிலேயே எழுதியிருக்க வேண்டும். ஆடியில் புதுவேலை தொடங்கார். பூச்சு பழைய வேலையின் தொடர்ச்சி என்பதால் தடையில்லை. சுவருக்குள் மறையும் நீர்க்குழாய்களை அழுத்தம் ஏற்றிச் சோதித்து, ஒவ்வொரு சுவரையும் அளவுநாடாவோடு படம் எடுத்து வைத்த பின்னரே பூச வேண்டும். அடுப்படி மேடையின் உயரம், குளிர்பதனப் பெட்டி நிற்கும் மூலை, துணி துவைக்கும் பொறியின் வடிகால் ஆகியவற்றைச் சமைப்பவரிடமும் துவைப்பவரிடமும் கேட்டு மின்புள்ளிகளைக் குறிக்கும் வழக்கம் இன்னும் பரவவில்லை.

ஆவணி

புரட்டாசியில் குடிபுகார், ஐப்பசியில் மழை. வாடகையும் வங்கி வட்டியும் ஒருசேரக் கொடுத்துக்கொண்டிருக்கும் குடும்பம் ஆவணி முகூர்த்தத்தை விடுவதில்லை என்பதை அறிந்த ஒப்பந்தக்காரர், கிரகப்பிரவேசத்துக்கு முந்தைய வாரத்தில் முழுத்தொகையையும் கேட்பார். பால் காய்ச்சிய பின் மிஞ்சும் வேலைகள், அதாவது கதவுத் தாழ்கள், மாடித் தளத்தின் நீர்ச்சரிவு, மூடப்படாத சாரத் துளைகள் ஆகியவை எழுத்தில் பட்டியலாகி, அவற்றுக்குரிய தொகை நிறுத்திவைக்கப்பட வேண்டும். கட்டுமானத்துக்கெனப் பெற்ற தற்காலிக மின்இணைப்பை வீட்டு இணைப்பாக மாற்றவும், சொத்துவரி விதிக்கவும் தனித்தனி விண்ணப்பங்கள் உள்ளன. முன்னதைத் தாமதிக்கும் ஒவ்வொரு மாதமும் கட்டணம் கட்டுமான விகிதத்திலேயே கணக்காகும்.