எந்த அலையில் இறங்குவது?

விண்ணப்பப் படிவத்தில் ஒரே ஒரு கட்டம்தான் பாக்கி. எலீட்டா, வயதுப் பிரிவா? மூன்று நாட்களாக அதை நிரப்பாமல் வைத்திருக்கிறேன்.

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டிய பந்தயம் ட்ரையத்லான். 1978இல் ஹவாயில் முதல் 'அயர்ன்மேன்' நடந்தபோது கிளம்பியவர்கள் 15 பேர். முடித்தவர்கள் 12 பேர். கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் எலெக்ட்ரானிக் சிட்டிக்கு அடித்தளம் போட்டதும் அதே ஆண்டுதான். இங்கே பதினாறு வருடங்களாக மென்பொருள் எழுதுகிறேன். கம்பெனி பஸ்கள் வந்து தெருவை அடைப்பதற்குள், விடியற்காலையில் சைக்கிள் மிதித்துவிடுவேன்.

பெரிய சர்வதேசப் போட்டிகளில் எலீட் பிரிவில் நுழைய சம்மேளனத்தின் ஒப்புதல் தேவை. சில உள்ளூர்ப் போட்டிகளிலோ நாமே டிக் அடித்துக்கொள்ளலாம். வம்பு அங்கேதான் ஆரம்பம்.

ஒலிம்பிக் தூரம் என்றால் 1.5 கி.மீ. நீச்சல், 40 கி.மீ. சைக்கிள், 10 கி.மீ. ஓட்டம். எலீட் வீரர்கள் தனி அலையாகக் கிளம்புவார்கள். சைக்கிளில் ஒருவர் முதுகுக்குப் பின்னால் இன்னொருவர் ஒட்டிக்கொண்டு போகலாம். எதிர்க்காற்று முன்னால் இருப்பவரோடு. வயதுப் பிரிவில் பெரும்பாலும் அது குற்றம். 10 மீட்டர் இடைவெளி விட்டுத் தனியாகவே மிதிக்க வேண்டும். ஆனால் எலீட்டில் ஈவிரக்கமற்ற ஒரு விதி உண்டு. சைக்கிளில் முன்னணி வீரர் உங்களை ஒரு முழுச் சுற்று முந்திவிட்டால், நீங்கள் வெளியே.

இரண்டு வருடங்களுக்கு முன் அலுவலக இளைஞர்கள், "உங்க டைமுக்கு எலீட்லயே போகலாம் அண்ணா" என்றார்கள். உச்சி குளிர்ந்தது. டிக் அடித்தேன். தண்ணீரிலிருந்து கடைசி ஆளாகக் கரையேறினேன். ஒட்டிக்கொள்ள ஒரு சக்கரம்கூட முன்னால் இல்லை. ஐந்தாவது சுற்றில் பின்னாலிருந்து விசில். நடுவர் கை காட்டினார். ஓரமாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தபோது என் ஒன்பது வயது மகன் கேட்டான்: "அப்பா, எப்போ ஓடுவீங்க?"

மூன்றில் எனக்கு நன்றாக வருவது ஓட்டம்தான். அதை நான் தொடவே இல்லை.

இந்தப் பந்தயத்தில் வயதைக் கணக்கிடுவது டிசம்பர் 31 அன்றைக்கு. நவம்பரில் எனக்கு 45 முடிகிறது. ஆக, இப்போதே 45-49 பிரிவில் நான்தான் குழந்தை. மெடல் கிடைத்தாலும் கிடைக்கும். "சுலபமான இடமாப் பார்த்துட்டீங்க" என்று இளைஞர்கள் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் மூன்று நாட்கள் ஓடிவிட்டன.

நேற்று இரவு மனைவி படிவத்தை எட்டிப் பார்த்தாள். "முன்னாடி நிக்கறதுக்காகவா காசு கட்டறீங்க?" என்றாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

யோசித்துப் பார்த்தால், 40 கிலோமீட்டரும் யாருடைய முதுகுக்குப் பின்னாலும் ஒளியாமல் காற்றை நானே வாங்கிக்கொள்வது சுலபமான காரியமல்ல. அங்கே முந்தப்பட்டாலும் தொடர்ந்து போகலாம். தோற்றாலும் முழுப் பந்தயத்தையும் ஓடித் தோற்கலாம்.

வயதுப் பிரிவில் டிக் அடித்தேன். மகனிடம், இந்தத் தடவை ஓட்டப் பாதையின் ஓரத்தில் வந்து நிற்கச் சொல்லியிருக்கிறேன்.