பாத்தியதை இல்லாத பெயர்

கார்ல்ஸ்ரூஹே

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

பாளையங்கோட்டையில் உங்கள் பெஞ்சில் உட்கார்ந்து, நீங்கள் சொல்லச் சொல்லப் பத்திரம் நகலெடுத்த கை இது. மூன்று நாளாக ஒரே ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. ஜெர்மன் வக்கீல் நோட்டீஸ் ஒன்றை லண்டன் வக்கீல் ஒருவருக்காக ஆங்கிலத்தில் பெயர்க்கிறேன். இன்னொருவர் பெயரைத் தன் கடைக்கு வைத்துக்கொண்டதாகத் தகராறு. மொத்தம் நாலு பக்கம்தான்.

சொல் இது: நாமன்ஸ்ஆன்மாசுங். 'நாமெ' என்றால் பெயர். நம் நாமத்துக்குத் தூரத்துச் சொந்தம். (அடுத்தவன் பெயரைப் போட்டு ஊருக்கு நாமம் போடுவது என்று உங்களுக்குச் சொன்னால் போதும். லண்டனுக்குச் சொல்ல முடியாது.) 'ஆன்மாசுங்' என்பதற்குள் அளவு என்ற சொல் கிடக்கிறது. தன் அளவுக்கு மீறியதைத் தனக்கென்று எடுத்துக்கொள்வது அது. பேச்சில் அதற்குத் திமிர் என்றே பொருள். போலீஸ் என்று சொல்லி வண்டியை மறித்துச் சோதனை போடும் போலி ஆசாமி மேல் எழுதும் குற்றத்தின் பெயரிலும் இதே ஆன்மாசுங்தான். நம்மூரில் ஆள்மாறாட்டம் என்போமே, அது போதாது. இங்கே ஆள் மாற வேண்டியதில்லை. பெயரை எடுத்தாலே போதும்.

ஆங்கிலத்தில் 'யூசர்பேஷன்' என்றால் யாரோ சிம்மாசனத்தில் ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. 'மிஸ்அப்ரோப்ரியேஷன்' என்றால் படிக்கிறவர் அமெரிக்காவில் நடிகர்களின் பெயரை விளம்பரத்தில் போடும் வழக்குகளுக்குப் போய்விடுவார். 'பாஸிங் ஆஃப்' என்றால் இங்கிலாந்து வக்கீலுக்கு வீட்டுச் சொல், ஆனால் அது ஒருவன் சரக்கை இன்னொருவன் சரக்கென்று விற்பதைப் பற்றியது. அதில் பாதுகாக்கப்படுவது வியாபாரத்தின் நற்பெயர், மனிதன் பெயர் அல்ல.

இத்தனைக்கும் சட்டத்தில் இந்தச் சொல்லே கிடையாது, வக்கீல்கள் வைத்தது. ஜெர்மன் சிவில் சட்டத் தொகுப்பின் 12ஆம் பிரிவில் இருப்பது 'உன்பெஃபூக்ட்' என்ற சொல். அந்தத் தொகுப்பு 1900 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஒருவர் பெயரை இன்னொருவர் 'உன்பெஃபூக்ட்'டாகப் பயன்படுத்தினால், பெயருக்குரியவர் அதை நீக்கச் சொல்லலாம், இனியும் நடக்கும் என்று அஞ்ச இடமிருந்தால் வழக்குப் போடலாம் என்பது அதன் சாரம். இந்தச் சொல்லை எல்லோரும் 'அன்ஆதரைஸ்டு' என்று தட்டிவிடுகிறார்கள். அங்கேதான் எனக்கு உறுத்துகிறது. அப்படி எழுதினால், அனுமதி கொடுக்க ஒருவர் இருந்தார், அவர் கொடுக்கவில்லை என்றாகிறது. ஜெர்மன் சொல் கேட்பது வேறு: இந்தப் பெயரில் உனக்கு என்ன பிடிமானம்? பிறப்பால் வந்ததா, கல்யாணத்தால் வந்ததா, உரியவர் ஒப்பி விட்டதா? ஒரே குடும்பப் பெயர் கொண்ட இரண்டு பேரில் யாரும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, இருவருமே 'பெஃபூக்ட்'தான். நேற்று ராத்திரி பாத்திரம் கழுவும்போது உங்கள் குரலில் அந்தச் சொல் வந்தது: பாத்தியதை. 'யாதொரு பாத்தியதையும் இல்லாமல்' என்று எத்தனை பத்திரத்தில் எழுதியிருக்கிறேன்! ஜெர்மனுக்குச் சரியான தமிழ் கிடைத்துவிட்டது. என்ன செய்ய, கேட்டவர்கள் ஆங்கிலம் அல்லவா கேட்டார்கள்.

ஆங்கிலத்தில் சொல் இல்லாததற்குக் காரணம், ஆங்கிலச் சட்டத்தில் அந்த உரிமையே இல்லை. 1869இல் லண்டன் பிரிவி கவுன்சிலுக்கு செயின்ட் லூசியா தீவிலிருந்து ஒரு வழக்கு வந்தது. டு பூலே என்ற குடும்பம். அந்த வீட்டில் அடிமையாக இருந்து விடுதலை பெற்ற பெண்ணின் மகன் அதே பெயரைச் சூட்டிக்கொண்டான். குடும்பம் குதித்தது. எங்கள் சட்டத்தில் ஒரு பெயருக்கு யாரும் முற்றுரிமை கொண்டாட முடியாது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எனக்கு அந்தத் தீர்ப்புப் பிடிக்கும் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஜெர்மனியில் கதை வேறு. ஆகாயக் கப்பல் விட்ட செப்பலின் பிரபு, தன் பெயரைப் புகையிலைச் சரக்குக்கு வணிகச் சின்னமாகப் பதிந்தவர் மேல் வழக்குப் போட்டு 1910இல் ஜெயித்தார். ஆனால் 1959இல் பாடகி கத்தரீனா வலென்டேயின் பெயர் பல்செட்டுக்கான பொருள் ஒன்றின் விளம்பரத்தில் அடிபட்டபோது, இது பெயரைச் 'சொன்னது', 'பயன்படுத்தியது' அல்ல, 12ஆம் பிரிவு வராது என்றது உச்ச நீதிமன்றம். அவருக்கு நியாயம் கிடைத்தது ஆளுமை உரிமை என்ற வேறு வழியில். சொல்வதற்கும் பயன்படுத்துவதற்கும் நடுவே அவர்கள் கிழித்த கோடு ஆங்கிலத்தில் வழுக்குகிறது, 'யூஸ்' என்றால் இரண்டும் அதற்குள் போய்விடுகிறது.

2003இல் இதே ஊரில் இருக்கும் அந்த நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு ஒன்றுதான் என் மனசை விட்டுப் போகவில்லை. ஒருவர் தாத்தா பெயர், அப்பா பெயர், தன் பெயர் மூன்றிலும் எழுத்துகளைக் கோத்து ஒரு சொல் செய்து, இணைய முகவரியாகப் பதிந்திருந்தார். அந்தச் சொல்லையே குடும்பப் பெயராகக் கொண்ட வக்கீல் ஒருவர் வந்து கேட்டார். புனைபெயர் ஊரறிந்ததாக இருந்தால்தான் அதற்குப் பாத்தியதை என்று சொல்லி வக்கீல் பக்கம் தீர்த்தார்கள். தாத்தா முதலெழுத்து, அப்பா முதலெழுத்து, நாம் என்று மூன்று தலைமுறையையும் சேர்த்துக் கையெழுத்துப் போடும் நமக்கு இது எப்படி இருக்கும்!

கடைசியில் 'அன்ஆதரைஸ்டு'வை அடித்துவிட்டு, 'அந்தப் பெயரில் தனக்கென்று எந்த உரிமையும் இன்றி' என்று ஆங்கிலத்தில் நீட்டி எழுதி, கீழே ஒரு குறிப்பும் போட்டு அனுப்பினேன். இங்கே மொழிபெயர்ப்புக்கு வரிக்கணக்கில் கூலி, 55 எழுத்து ஒரு வரி. நீட்டியதற்குக் காசு வாங்கவில்லை. இருந்தும் லண்டனிலிருந்து ஒரு வரி வந்திருக்கிறது: அனுமதி தரவேண்டியவர் யார்? திமிர் என்ற அர்த்தம் எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை.

அது கிடக்கட்டும். தங்கச்சி பெயருக்கு எழுதும் விடுதலைப் பத்திரத்தில் என் பெயரை மு. என்ற இனிஷியலோடு போட்டிருப்பதாகச் சொன்னீர்கள். இங்கே வந்த முதல் வாரமே என் காகிதங்களில் அப்பா குடும்பப் பெயராகிவிட்டார். டாக்டர் வீட்டில் 'திரு. முத்தையா' என்று கூப்பிடும்போது இன்றும் வாசலைத்தான் பார்க்கிறேன். இரண்டு பெயரையும் எழுதி நடுவில் ஒரு 'என்கிற' போட்டுவிடுங்கள், அண்ணாச்சி.