பூணூல் அறுந்த பிறகு

கோவளத்துக் கடற்கரையிலே அன்று மாலை நாங்கள் மூவர் அமர்ந்திருந்தோம். நானும், மணமுடிக்கத் துடித்த காதலர் இருவரும். இவ்வூரில் தமீம் அன்சாரி தர்காவும் உண்டு; கார்மேல் அன்னை ஆலயமும் உண்டு; கைலாசநாதர் கோயிலும் உண்டு. மூன்றின் மீதும் வீசுவது ஒரே உப்புக் காற்றுத்தான்! ஆனால் அவன் இந்து, அவள் கிறித்தவள் என்றறிந்ததும் இரு வீட்டாருக்கும் மூச்சு முட்டிற்று.

"'அலைகள் ஓய்வதில்லை' படத்தில் வருவதுபோல் நாங்களும் நடந்துவிட்டால் என்ன, ஐயா?" என்றான் அவன்.

பாரதிராஜா 1981இல் தந்த படம் அது. பார்ப்பன இளைஞன் பூணூலை அறுத்தெறிகிறான். கிறித்தவ நங்கை சிலுவையைக் கழற்றி எறிகிறாள். கொட்டகையிலே கைதட்டியவர்களுள் நானும் ஒருவன். இன்று பார்த்தாலும் தட்டுவேன். ஆனால், தோழர்களே, படம் முடிந்தபின் அவ்விருவரும் எங்கே போனார்கள்?

ஜான் ஷ்லெசிஞ்சர் 1962இல் எடுத்த 'எ கைண்ட் ஆஃப் லவிங்' என்ற ஆங்கிலப் படம் நினைவுக்கு வந்தது. அதிலே காதலி கருவுறுகிறாள், மணம் நடக்கிறது, தொல்லையெல்லாம் அதன் பிறகே! மாமியார் வீட்டுக் குடித்தனம், ஓயாத பூசல், கசப்பு. அவர்களுக்குச் சிக்கல் மணமேடைக்கு அப்பால். நமக்கோ மணமேடைக்கே வழி அடைபட்டுக் கிடக்கிறது!

அண்ணா முதல்வராயிருந்தபோது 1967இல் வந்த சுயமரியாதைத் திருமணச் சட்டம் புரோகிதனின் தேவையைப் போக்கிற்று. எனினும் அது இந்துத் திருமணச் சட்டத்துக்கு வந்த திருத்தம். இருவரும் அச்சட்டப்படி இந்துக்களாயிருந்தால்தான் செல்லும். மதம் கடந்து மணப்போருக்கு உள்ளது 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம். ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 நிறைந்திருக்க வேண்டும். அறிவிப்புக் கொடுத்து 30 நாள் காத்திருக்க வேண்டும். அறிவிப்பை அலுவலகத்திலே, எவர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டிவைப்பர். பெற்றோருக்குப் பிடிக்கவில்லை என்பது சட்டப்படி தடையே அல்ல. ஆயினும் பலகையைப் படிப்பவன் சட்டத்தையா படிக்கிறான்?

சொன்னேன். முகம் வாடினர். வயதுச் சான்றுகளோடு மறுநாளே அறிவிப்புக் கொடுத்தனர்.

பன்னிரண்டாம் நாள் பெண்ணின் மாமன் கண்ணில் அது பட்டுவிட்டது. கைப்பேசி பறிபோயிற்று. அதன்பின் செய்தியே இல்லை. 31ஆம் நாள் காலை பத்து மணிக்குச் சாட்சிகள் மூவரும் மணமகனும் போய் நின்றோம். பதினொன்றாயிற்று. பன்னிரண்டும் ஆயிற்று. அவன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு மணிக்குச் சற்று முன், வேலைக்குச் செல்வதாக வீட்டில் சொல்லிவிட்டு, கையிலே சோற்றுப்பெட்டியுடன் வந்து சேர்ந்தாள் அவள்.

கையொப்பங்கள் முடிந்தபின் அச்சோற்றை ஐவரும் பங்கிட்டு உண்டோம். மீன்குழம்பு, அவள் தாய் வைத்தது.