மேக்கத்தி ஆள்

31 வருஷம் கழித்து டொரண்டோவிலிருந்து கோவில்பட்டிக்கு வந்தவன், மூன்றாம் நாளே கடலைப் பார்க்கக் கிளம்பினேன். "கடலை மிட்டாய் ஊருக்கு வந்துட்டு, கடலைத் தேடிப் போறியாக்கும்" என்று அத்தை சிரித்தாள்.

எட்டயபுரம், விளாத்திகுளம் தாண்டியதும் பஸ் ஜன்னலில் கரிசல் மெல்ல வெளிறுகிறது. பருத்திக் காடு போய்ப் பனை வருகிறது, பிறகு உப்பளம். சிப்பிகுளத்தில் எல்லாம் மணலாகி முடிந்துவிடுகிறது.

என் பத்து வயதில் மாமா வத்தல் மூட்டையோடு என்னை இங்கே கூட்டி வந்தார். அவருடைய சிநேகிதர் ஒருவர் கரையில் வாடி போட்டிருந்தார். இடுப்பளவு கல் சுவர், பனங்கம்பு, ஓலைக்கூரை. உள்ளே மீனுக்கு உப்புப் போடும் தொட்டி. கடலை நான் முதன்முதலில் பார்த்தது அந்த வாடியின் வாசல் வழியாகத்தான்.

இப்போது கூரை இல்லை. மூன்று பக்கச் சுவர் முழங்கால் உயரத்துக்கு நிற்கிறது. தொட்டி இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. உதிர்ந்த கல் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். தேனடை மாதிரி உடம்பெல்லாம் கண்; கைக்குச் சொரசொரத்தது. பவளக்கல். தீவுகளைச் சுற்றி வெட்டி எடுத்து வீடு கட்டினார்கள், சூளையில் சுட்டுச் சுண்ணாம்பும் ஆக்கினார்கள். வெட்டி வெட்டியே தூத்துக்குடிப் பக்கம் விலாங்குசல்லித் தீவு நீருக்குள் போய்விட்டது. 1986-இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவாயின. 2001-இல் பவளத்துக்குச் சட்டக் காவல் வந்தது. பொங்கலுக்குப் பொங்கல் எங்கள் வீட்டுச் சுவருக்கு அடித்த சுண்ணாம்பு எந்தச் சூளையில் வெந்ததோ, அன்று யாரும் கேட்டதில்லை.

வாடியைவிடக் கரை பழையது. பக்கத்து வேம்பாரும் வைப்பாரும் முத்துக்குளித்துறையின் ஏழு ஊர்களில் சேர்ந்தவை. 1530-களில் பரதவர்கள் போர்த்துக்கீசியர் துணை தேடிக் கிறிஸ்தவர்களானார்கள். 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கடலோரத்துக்கு வந்தார். தூத்துக்குடிக் கடலில் கடைசியாக முத்துக் குளித்தது 1961-இல். எங்கள் வீட்டுக்குக் கடல் வந்ததெல்லாம் கருவாட்டுக்காரம்மாவின் நார்ப்பெட்டியில்தான். ஆச்சி கம்பை அளந்து போட்டு நெத்திலி வாங்குவாள்.

வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்தார். "எந்தூரு தம்பி?"

"கோவில்பட்டி ஐயா."

"மேக்கத்தி ஆளா!" என்றார். டொரண்டோவைச் சொல்ல வாய் வரவில்லை.

வாடிக்காரர் இறந்து பல வருஷமாம். "மீனு ஐஸ்பெட்டியில ஏற ஆரம்பிச்சதும் கருவாடு போட ஆளில்ல. ஒரு கச்சான்ல கூரை போச்சு. யாரு திரும்ப வேய்வா?"

இவர்கள் கச்சான் என்பதுதான் எங்கள் மேகாத்து. ஆடி மாதம் கரிசல் புழுதியை வாரிக்கொண்டு கிழக்கே ஓடும். இது எங்கே போய் நிற்கும் என்று கேட்டால் ஆச்சி, "கடலுக்குத்தான்" என்பாள். அது இந்தக் கூரையையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறது.

கிளம்பும்போது பெரியவர் வீட்டிலிருந்து ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாடு வந்தது. பணத்தை நீட்டினேன். கையைத் தள்ளிவிட்டார்.

"காசு எதுக்கு? அடுத்த தடவை வரும்போது வத்தல் கொண்டாங்க."