தப்பிய குறி

வேட்டையில் குறி தவறியவர்கள் சொல்லும் காரணங்கள் அநேகம். காற்று அடித்தது, கிளை குறுக்கிட்டது, கண் கூசியது என்பார்கள். ஆனால் என் நண்பர் ஒருவர் குறி தவறியதற்குக் காரணம், இதை எழுதும் அடியேன்தான்.

2016-ஆம் ஆண்டில், அமெரிக்காவில் பென்சில்வேனியா மாகாணத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணித உபாத்தியாயராக இருந்தேன். அந்நாளில் அங்கே, நவம்பர் மாதம் வரும் நன்றியறிதல் திருநாளுக்கு அடுத்த திங்கட்கிழமையன்று துப்பாக்கியால் மான் வேட்டையாடும் பருவம் தொடங்கும். அதற்காகப் பல பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறையே விட்டுவிடுவார்கள்! நம் தேசத்திலோ 1972-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு மான் வேட்டை குற்றம். ஆகையால், அறுபது வயதான சக ஆசிரியர் ஒருவர், "வேடிக்கை பார்க்க வாருங்கள்" என்று அழைத்ததும் ஆவலோடு கிளம்பிவிட்டேன்.

முன்தினம் இரவு அவர் வீட்டில் தங்கினேன். வாசற்கதவை நான் வேகமாகத் தள்ளியபோது, சுவரில் சாய்த்திருந்த துப்பாக்கி தடாலென்று விழுந்தது. நல்லவேளை, அதில் தோட்டா இல்லை. ஒரு கீறலும் தென்படவில்லை. எடுத்துப் பழையபடி சாய்த்துவிட்டு மௌனமாக இருந்துவிட்டேன்.

மறுநாள் விடியற்காலையில், சட்டப்படி அணிய வேண்டிய செம்மஞ்சள் நிற உடுப்புடன் காட்டில் காத்திருந்தோம். எண்பது கஜ தூரத்தில் வெள்ளைவால் மான் ஒன்று எங்களுக்கு நேர்முகமாக வந்து நின்றது. நண்பர் நிதானமாகச் சுட்டார். மான் வாலை உயர்த்திக்கொண்டு ஓடி மறைந்தது.

குண்டு பட்ட மான் எங்கேனும் துடித்துக்கொண்டிருக்குமோ என்று இரண்டு மணி நேரம் பனியில் தேடினார். ஒரு துளி உதிரமும் இல்லை; பெருமூச்சு விட்டார். பிறகு, "என் கண் மங்கிவிட்டது. இனி நான் துப்பாக்கியைத் தொடக் கூடாது" என்றார். எனக்கு நெஞ்சில் முள் தைத்தது.

நடந்ததைச் சொல்லிவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. மாலையில் நூறு கஜத்தில் ஓர் அட்டையை நிறுத்தி மூன்று முறை சுட்டார். மூன்று துளைகளையும் ஓர் உள்ளங்கையால் மூடிவிடலாம். ஆனால் மூன்றும் நடுப்புள்ளிக்கு ஓரடி வலப்புறம்! கண் மங்கியிருந்தால் குண்டுகள் சிதறியிருக்கும். ஒரே இடத்தில் சேர்ந்து விலகினால், பிசகு துப்பாக்கியின் மேல் பொருத்திய தூரதிருஷ்டிக் கண்ணாடியில்தான். அது கடுகளவுகூட நகர வேண்டியதில்லை. அரை மில்லிமீட்டர் கோணினாலே நூறு கஜத்தில் ஓரடி விலகிவிடும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

"குறி தப்பியது பாக்கியம்," என்றார் நண்பர். "மான் பக்கவாட்டில் நின்றிருந்தால் குண்டு அதன் வயிற்றைக் கிழித்திருக்கும். நாள்கணக்கில் துடித்துச் செத்திருக்கும். நேற்றே சொல்லியிருந்தால், நேற்றே சரிபார்த்திருப்பேன்."

வகுப்பில் எதையாவது உடைத்துவிட்டு விழித்துக்கொண்டு நிற்கும் பையன்களுக்கு நான் செய்த உபதேசங்கள் எத்தனை! இப்பொழுது எவனாவது தானாக வந்து, "ஸார், நான்தான்" என்று சொன்னால், பிரம்பு இருக்கும் பக்கம்கூட நான் பார்ப்பதில்லை.